அமைதியான கடற்கரையில் ஒரே ஒரு ராத்திரி: எப்படித் திட்டமிடுவது?

நீலவானம் எழுதியது:

வணக்கம். நான், அக்கா, அம்மா, அக்காவின் எட்டு வயதுப் பையன், இந்த நாலு பேரும் ஒரு ராத்திரி மட்டும் கடற்கரையில் தங்கிவிட்டு வரலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு மதியத்துக்குள் வீட்டில் இருக்க வேண்டும், அதற்கு மேல் யாருக்கும் லீவு கிடையாது. கூட்டமும் ஸ்பீக்கர் சத்தமும் இருக்கிற இடம் வேண்டவே வேண்டாம். விடியும்போது கண்ணைத் திறந்தால் எதிரில் கடல் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ரொம்ப நாள் ஆசை. அவருக்கு முழங்கால் வலி உண்டு, மணலில் ரொம்ப தூரம் நடக்க முடியாது.

மணலிலேயே டென்ட் போட்டுத் தூங்கலாமா, இல்லை பக்கத்தில் ரூம் எடுப்பதுதான் சரியா? டென்ட் என்றால் தண்ணீரிலிருந்து எவ்வளவு தள்ளிப் போட வேண்டும்? பௌர்ணமி அன்று போனால் நன்றாக இருக்கும் என்று அக்கா சொல்கிறாள், அது சரியா? பையன் கண்டிப்பாகத் தண்ணீரில் இறங்குவேன் என்பான், எனக்கு நீச்சல் குளத்தில்தான் பழக்கம், அக்காவுக்கு நீச்சலே தெரியாது. எல்லாவற்றுக்கும் மேல், பெரிய ஆண் துணை யாரும் இல்லாமல் போகிறோம், ஆள் இல்லாத இடத்தில் ராத்திரி இருப்பதைப் பற்றிக் கொஞ்சம் பயமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கரைநடை எழுதியது:

வணக்கம் சகோ. முதலில் அந்த "எவ்வளவு தள்ளி" என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஒரு ராத்திரிப் பயணத்தில் மற்ற எல்லாமே இதற்குப் பின்னால்தான். இத்தனை மீட்டர் என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்ல முடியாது. கடல் ஏறி இறங்கும் அளவு இடத்துக்கு இடம் அவ்வளவு வித்தியாசப்படும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரைக்கும் ஏறுகிறது, மத்தியதரைக் கடலின் பெரும்பாலான கரைகளில் அரை மீட்டர்கூட ஏறுவதில்லை. அதனால் நீங்கள் போகிற இடத்துக்கான ஓத அட்டவணையைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஊர்ப் பெயரோடு 'டைட் டேபிள்' என்று தேடினால் பெரும்பாலான கரைகளுக்குக் கிடைக்கும். அங்கே போனபிறகு சிக்னல் இருக்குமா என்று தெரியாது, வீட்டிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பல கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும், நடுவில் ஒரு இறக்கம். சில கரைகளில் நாளுக்கு ஒரே ஏற்றம்தான், அதையும் அட்டவணையே சொல்லிவிடும். இப்போது நீங்கள் சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ச் சேர்கிறீர்கள் என்று வையுங்கள். அந்த நேரம் கடல் முழுக்க இறங்கியிருந்தால் கரை எவ்வளவு அகலமாக, எவ்வளவு அழகாகத் தெரியும்! எங்கே வேண்டுமானாலும் விரித்துப் படுக்கலாம் போல இருக்கும். ஆனால் அதே கடல் நள்ளிரவு தாண்டி, நீங்கள் நல்ல தூக்கத்தில் இருக்கும்போது, முழு ஏற்றத்துக்கு வரும். அந்த ஏற்றமும் ஒரே சீராக வராது. தொடக்கத்தில் மெதுவாக ஏறும், நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் மொத்த ஏற்றத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடும், கடைசியில் மறுபடி மெதுவாகும். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு "இங்கே வராது" என்று முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான்.

அதனால் நான் யார் கேட்டாலும் சொல்வது, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். மூன்று மணி, அதிகம் போனால் நாலு. இருட்டுவதற்கு முன்னால் கரையை ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும். கரையில் காய்ந்த பாசி, சிப்பி, குச்சி, பாட்டில் மூடி என்று ஒரு கோடு மாதிரி ஒதுங்கிக் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். கடைசி ஏற்றம் எதுவரை வந்தது என்று கடலே போட்டுவிட்டுப் போன கோடு அது. கொஞ்சம் மேலே போனால் பெரும்பாலும் இன்னொரு கோடு இருக்கும், இன்னும் காய்ந்து, பாதி மணலில் புதைந்து. அது பௌர்ணமி அமாவாசை ஏற்றத்திலோ, கடல் கொந்தளித்தபோதோ வந்தது. இந்த மேல் கோட்டுக்கும் மேலேதான் படுக்க வேண்டும். வெப்பமான ஊர்க் கரைகளில் இன்னொரு அடையாளமும் இருக்கிறது. அடப்பங்கொடி, அதாவது இரண்டாகப் பிளந்த இலையும் ஊதாப் பூவுமாக மணலில் படர்ந்து கிடக்குமே, அந்தக் கொடி நன்றாக வேர்விட்டுத் தங்கியிருக்கிற இடத்துக்குச் சாதாரண நாட்களில் அலை அடிக்கடி வருவதில்லை. அதன் பக்கத்தில் வெறும் மணலில் படுங்கள், கொடியின் மேல் மட்டும் வேண்டாம். மணல்மேட்டைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருப்பதே அதுதான்.

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் படுக்காதீர்கள், அங்கே தண்ணீர் வழி மாறிக்கொண்டே இருக்கும். செங்குத்தான பாறைக்கு அடியிலும் வேண்டாம். மேலிருந்து கல் விழலாம், ஏற்றம் வந்தால் திரும்பி வரும் வழியும் அடைபட்டுவிடும்.

பௌர்ணமி பற்றி. பௌர்ணமி, அமாவாசை இரண்டிலும், அதற்கு அடுத்த ஓரிரு நாட்களிலும், ஏற்றம் ரொம்ப மேலே வரும், இறக்கமும் ரொம்பக் கீழே போகும். நிலா பாதியாக இருக்கும் அஷ்டமி பக்கத்து நாட்களில் இந்த வித்தியாசம் குறைவு. முதல் தடவை, குழந்தையோடு, மணலில் படுக்க வேண்டும் என்றால் அஷ்டமியை ஒட்டிய வாரக்கடைசிதான் என் ஓட்டு.

---

உப்புக்காற்று எழுதியது:

கரைநடை சொன்னது அத்தனையும் சரி, ஆனால் நான் முதல் கேள்விக்கே வேறு பதில் சொல்வேன். மணலில் டென்ட் வேண்டாம். ரூம் எடுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அவருக்குக் கழிப்பறை போக வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? இதை யாருமே முதலில் யோசிப்பதில்லை, ஆனால் பயணம் நல்லபடியாக முடிகிறதா என்பது பாதி இதில்தான் இருக்கிறது. மணலில் உட்கார்ந்து எழுந்திருப்பது, டென்ட் வாசலில் குனிந்து நுழைவது, தரையில் மரத்துப்போகும் இடுப்பு, இதெல்லாம் நமக்குச் சின்ன விஷயம், அவருக்கு அப்படியில்லை. வயதானவர்கள் பிள்ளைகளின் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். உங்கள் அம்மா அந்த நிலைமைக்கு வரக் கூடாது.

அவர் ஆசைப்பட்டது மணலில் தூங்குவதற்கு இல்லையே, விடியும்போது எதிரில் கடல் வேண்டும் என்பதுதானே. அதற்குக் கரையைப் பார்த்த ஒரு வராந்தாவும் ஒரு சாய்வு நாற்காலியும் போதும். ரூம் பதிவு செய்யும்போது "கடல் தெரியுமா" என்று மட்டும் கேட்டால் தெரியும் என்றுதான் சொல்வார்கள். படுக்கையிலிருந்து தெரியுமா, இல்லை மாடிக்குப் போய் எட்டிப் பார்த்தால்தான் தெரியுமா என்று கேளுங்கள். வாசலிலிருந்து மணலுக்கு எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா, ராத்திரி கேட்டைப் பூட்டிவிடுவார்களா, அதிகாலையில் யார் திறப்பார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். கடலுக்குப் பத்தடியில் தங்கிவிட்டு, பூட்டிய கேட்டுக்கு உள்ளே நின்று சூரிய உதயம் பார்ப்பது நடக்கிற விஷயம். அப்புறம் அந்தக் கரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று மேப்பில் பாருங்கள். மேற்குப் பார்த்த கரையில் சூரியன் கடலில் மறையுமே தவிர கடலில் உதிக்காது, அம்மாவுக்கு விடியல்தான் முக்கியம் என்றால் கிழக்குப் பார்த்த கரையாகத் தேடுங்கள்.

பாதுகாப்பு பற்றி உங்கள் பயம் நியாயமானது, அதைத் தள்ளி வைக்க வேண்டாம். அமைதியான கரைக்கும் ஆளே இல்லாத கரைக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நாலு வீடு இருக்கிற, மீன்பிடிக்கும் குடும்பங்கள் வாழ்கிற ஒரு சின்ன ஊரின் ஓரம்தான் உங்களுக்குப் பொருத்தம். விடியற்காலையில் படகு கிளம்பும், வலை இழுப்பார்கள், கொஞ்சம் சத்தம் இருக்கும், ஆனால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற தைரியமும் இருக்கும். போய்ச் சேர்ந்ததும் அங்கே இருக்கிற பெண்கள் யாரிடமாவது ரெண்டு வார்த்தை பேசிவிடுங்கள். எங்கே குளிக்கலாம், எந்தப் பக்கம் ராத்திரி போகக் கூடாது என்று அவர்கள் சொல்வது எந்த ரிவ்யூவிலும் இருக்காது. வீட்டில் ஒருவரிடம் தங்கும் இடத்தின் பெயர், வண்டி எண், எத்தனை மணிக்குத் திரும்பக் கூப்பிடுவீர்கள் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். இன்ஸ்டாவில் போடுகிற படத்தை மட்டும் வீட்டுக்கு வந்தபிறகு போடுங்கள், இந்த நிமிடம் இந்தக் கரையில் நாங்கள் மட்டும் இருக்கிறோம் என்று ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று, பல கரைகளில் ராத்திரி தங்குவதற்கே அனுமதி கிடையாது. ஆமை முட்டையிடும் பருவத்தில் இன்னும் கண்டிப்பாக இருப்பார்கள். டென்ட்தான் என்று முடிவு செய்தால் அந்த ஊர் நிர்வாகத்திடமோ காவல் நிலையத்திலோ முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நடுராத்திரியில் எழுப்பிக் காலி செய்யச் சொன்னால் வயதானவரையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு எங்கே போவீர்கள்?

---

நீலவானம் எழுதியது:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. உப்புக்காற்று, அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார் என்று எழுதியிருந்தீர்களே, அதை அக்காவிடம் படித்துக் காட்டினேன், "அம்மா அப்படித்தான் செய்வாங்க" என்றாள். கரையை ஒட்டிய ரூம் என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் பையன் டென்ட் டென்ட் என்று ஒரே பிடிவாதம். ரூமுக்கு முன்னால் மணலில் ஒரு சின்ன டென்ட் போட்டு, நானும் அவனும் மட்டும் படுக்கலாமா என்று யோசனை. மணலில் முளை நிற்காது என்கிறார்களே, உண்மையா? அப்புறம் குளிப்பது பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.

---

நீர்க்காகம் எழுதியது:

குளிப்பது பற்றி நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

நீச்சல் குளத்தில் பழகியவர்களுக்குக் கடலில் தெரியாத ஒரே விஷயம், தண்ணீர் நகர்கிறது என்பது. அலை கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். அது குறுகிய ஒரு பாதையைப் பிடித்துக்கொண்டு வேகமாகக் கடலுக்குள் போகும்போது அதைத்தான் ரிப் கரண்ட் என்கிறார்கள். வேகம் பிடித்தால் நொடிக்கு 2 மீட்டருக்கு மேலேயும் போகும், ஒலிம்பிக் நீச்சல் வீரராலும் அதை எதிர்த்து நீந்திக் கரைக்கு வர முடியாது. இதில் பயங்கரம் என்னவென்றால் பார்ப்பதற்கு அந்த இடம்தான் ரொம்ப சாதுவாக இருக்கும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்கும், நடுவில் ஒரு துண்டு மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, மேலே நுரை கடல் பக்கமாக நகர்ந்துகொண்டு இருக்கும். "இங்கே அலையே இல்லை, குழந்தைக்கு நல்லது" என்று குடும்பத்தோடு இறங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

இறங்குவதற்கு முன் கொஞ்சம் உயரமான இடத்தில் நின்று பத்து நிமிடம் கடலைப் பாருங்கள். ஒருவேளை இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். அது ஆளைக் கீழே இழுக்காது, தள்ளிக்கொண்டுதான் போகும். அதனால் மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் காட்டி, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு அலை உடைகிற பக்கமாகக் கரைக்குத் திரும்ப வேண்டும். ஒருவர் மாட்டிக்கொண்டால் இன்னொருவர் பாய்ந்து போகக் கூடாது, உங்கள் அக்காவுக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள். பெற்ற பிள்ளை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தால் நீச்சல் தெரியாதவரும் குதித்துவிடுவார். காலியான கேன், பந்து, கயிறு எது மிதக்குமோ அதை எறியட்டும், சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடட்டும்.

அடுத்தது மணலைக் கையில் எடுத்துப் பாருங்கள். மாவு மாதிரி நைசாக இருந்தால் கரை பொதுவாகத் தட்டையாகச் சரியும், அலை தூரத்திலேயே உடைந்து தவழ்ந்து வரும். பருபருவென்று இருந்தால் கரை செங்குத்தாக இறங்கும், அலை நேராகக் கரை ஓரத்திலேயே வந்து அறையும், இரண்டடி வைத்தால் ஆழம். அந்த மாதிரிக் கரையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பையனைப் பொறுத்தவரை அவன் முழங்கால் அளவுதான் எல்லை. நீங்கள் அவனுக்கும் கடலுக்கும் நடுவில், கை எட்டும் தூரத்தில், கடலைப் பார்த்தபடி நில்லுங்கள். போன் பையில் இருக்கட்டும். காற்று நிரப்பிய டியூப், மிதவை எதுவும் கொண்டுபோகாதீர்கள். காலையில் பல நாட்கள் காற்று நிலத்திலிருந்து கடல் பக்கமாக அடிக்கும், கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், மிதவையில் உட்கார்ந்த குழந்தையை அது சத்தமே இல்லாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும். இருட்டியபிறகு யாரும் தண்ணீரில் இறங்கவே வேண்டாம், கணுக்கால்கூட.

குழி தோண்டுவதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வயதுப் பையன் கண்டிப்பாகத் தோண்டுவான். அவன் முழங்காலுக்கு மேல் ஆழம் போக விடாதீர்கள், பக்கவாட்டில் சுரங்கம் தோண்ட விடவே விடாதீர்கள். மணல் காய்ந்தால் சொல்லாமல் சரியும், மூடிக்கொண்டால் வெளியே இழுப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். இதில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். விளையாடி முடித்ததும் குழியை மூடிவிடுங்கள், இருட்டில் நடப்பவர்கள் காலை உடைத்துக்கொள்வார்கள்.

ஜெல்லி மீன் கரையில் செத்துக் கிடந்தாலும் தொட வேண்டாம், அதன் கொடுக்கு அப்போதும் வேலை செய்யும்.

---

கரைநடை எழுதியது:

டென்டுக்கு வருகிறேன். மண்ணில் அடிக்கிற சின்ன முளை மணலில் நிற்காது, உண்மைதான், ஒரு காற்றுக்கு உருவிக்கொண்டு வந்துவிடும். முளைக்குப் பதிலாகத் துணிப்பைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பையில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, டென்ட் கயிற்றை அதில் முடிந்து, ஒரு முழம் ஆழத்தில் புதைத்து மேலே மிதித்து இறுக்கிவிட்டால் அசையாது. பை இல்லையென்றால் ஒரு தடிமனான குச்சியின் நடுவில் கயிற்றைக் கட்டி, கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காகப் படுக்க வைத்துப் புதைக்கலாம். ஈர மணல் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும், புதைத்த இடத்தில் ரெண்டு குவளை கடல் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

காற்றையும் கவனியுங்கள். பகலில் நிலம் சூடாகிறது, கடலிலிருந்து காற்று வரும். ராத்திரி நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், காற்று திரும்பி நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். சாயங்காலம் அடிக்கிற காற்றை மட்டும் பார்த்து டென்டைத் திருப்பி வைத்தால் நடுராத்திரிக்கு மேல் பின்பக்கத்திலிருந்து அடிக்கும், பின்னால் காயலோ தேங்கிய தண்ணீரோ இருந்தால் கொசுவும் அதோடு வரும். எல்லாப் பக்கமும் கட்டுங்கள். வலை மூடிய ஜன்னல் ரெண்டாவது திறந்திருக்கட்டும், பூட்டி வைத்தால் மூச்சுக்காற்றின் ஈரமே உள்ளே சொட்டும். பனியும் கொட்டும். மழையே இல்லாத ராத்திரியிலும் காலையில் வெளியே கிடக்கிற துண்டு பிழிகிற மாதிரி ஆகிவிடும், அதனால் மாற்று உடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ரூமிலேயே வையுங்கள்.

காய்ந்த பாசிக் குவியலுக்குப் பக்கத்தில் விரிக்காதீர்கள், பூச்சிகள் அதற்குள்தான் இருக்கும். சின்னச் சின்னக் கடிப்பூச்சிகள் காற்று நின்றுபோகிற நேரத்தில், அந்திக்கும் விடியலுக்கும், வரும். முழுக்கை சட்டை, முழுக்கால் பேன்ட், அவ்வளவுதான் வேண்டியது.

---

இரவுப்பறவை எழுதியது:

பௌர்ணமி விஷயத்தில் உங்கள் அக்கா பக்கம் நான் இல்லை, ஆனால் கரைநடை சொன்ன காரணத்துக்காக இல்லை. ரூமில் தங்குகிறீர்கள் என்றால் ஏற்றம் அவ்வளவு பெரிய கவலை கிடையாது. நான் சொல்வது வானத்துக்காக. ஊரில் இருக்கிற நமக்கு இருட்டே கிடைப்பதில்லை. பௌர்ணமி அன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே நிலா எழுந்துவிடும், விடிகிற வரை இருக்கும், அழகுதான், ஆனால் நட்சத்திரம் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களில் நிலா ஏறக்குறைய நள்ளிரவில்தான் எழும். முன்னிரவு முழுக்க இருட்டு, பின்னிரவில் நிலா வெளிச்சம். பையனுக்கு நட்சத்திரமும் காட்டலாம், அதிகாலையில் எழுகிற அம்மாவுக்கு நிலாவும் கிடைக்கும். கரைநடை சொன்ன குறைந்த ஏற்றமும் அதே நாட்களில்தான் வருகிறது, அதனால் வளர்பிறையை விட்டுவிட்டுத் தேய்பிறை அஷ்டமிப் பக்கம் தேதி பாருங்கள்.

அதிர்ஷ்டம் இருந்தால் இருட்டில் அலை உடையும்போது நீலமாக ஒளிரும். நாக்டிலூகா போன்ற மிகச் சின்ன நுண்ணுயிர்கள் தண்ணீர் கலங்கும்போது விடும் ஒளி அது. ஈர மணலில் காலை அழுத்தித் தேய்த்தால்கூடச் சில சமயம் பொறி மாதிரி மின்னும். எல்லா நாளும் வராது, பையனிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இதெல்லாம் பார்க்க வேண்டுமென்றால் டார்ச்சை அணைக்க வேண்டும். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், ஒரு தடவை போனைத் திறந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். டார்ச் முகப்பில் சிவப்பு பிளாஸ்டிக் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள், நடக்க அது போதும். ஆமை வருகிற கரையாக இருந்தால் இது இன்னும் முக்கியம். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தைக் கடல் என்று நம்பித்தான் நகரும், நம் டார்ச்சும் வராந்தா விளக்கும் அவற்றைத் திசை திருப்பிவிடும், ஊர்ப் பக்கம் போய்க் காய்ந்து செத்துப்போகும். ரூமில் கடல் பக்க விளக்கை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். தாய் ஆமை ஏறி வந்தால் அசையாமல் தூரத்தில் உட்கார்ந்து பாருங்கள், பிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம், வெளிச்சத்தையும் நடமாட்டத்தையும் பார்த்தால் முட்டையிடாமலே திரும்பிவிடும்.

நெருப்பு மூட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மணலைப் போட்டு மூடினால் அணைந்த மாதிரி இருக்கும், ஆனால் அடியில் கங்கு மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். காலையில் வெறுங்காலோடு ஓடிவருகிற குழந்தைதான் அதை மிதிக்கும்.

---

நீலவானம் எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, மனசார நன்றி. கிழக்குப் பார்த்த கரையில், ஒரு சின்ன ஊரை ஒட்டி, தரைத்தளத்தில் ஒரு ரூம் போனில் பேசி வைத்திருக்கிறேன். மூன்றே படி, கைப்பிடி உண்டு, கேட் சாவியை நம்மிடமே கொடுத்துவிடுவார்களாம். தேய்பிறை அஷ்டமிக்கு அடுத்த நாள் சனிக்கிழமையாக வருகிறது. அம்மாவுக்கு வராந்தாவில் நாற்காலி, எனக்கும் பையனுக்கும் வாசலுக்கு எதிரில் டென்ட், அக்கா ரூமில். ராத்திரி அவன் பயந்தால் பத்தடியில் கதவு.

இன்னும் ஒன்றே ஒன்று. வானிலை எப்போது பார்க்க வேண்டும், எந்த நிலைமையில் பயணத்தையே ரத்து செய்ய வேண்டும்? முன்பணம் கொடுத்துவிட்டால் மனசு வராது, அதனால் இப்போதே முடிவு செய்து வைத்துக்கொள்ள நினைக்கிறேன்.

---

நீர்க்காகம் எழுதியது:

நல்ல யோசனை. புதன்கிழமை ஒரு தடவை, வெள்ளி ராத்திரி ஒரு தடவை, சனிக்கிழமை கிளம்பும் முன் ஒரு தடவை பாருங்கள். மழை வருமா என்று மட்டும் பார்த்தால் போதாது, கடல் நிலை அறிவிப்பைத் தனியாகப் பாருங்கள். எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் அடிக்கிற புயலிலிருந்து கிளம்பும் அலைகள் நாட்கள் கழித்து உங்கள் கரைக்கு வரும், அப்போது உங்கள் தலைக்கு மேல் வானம் பளிச்சென்று இருக்கும், காற்றே இருக்காது. நீண்ட இடைவெளி விட்டு வரும் அந்த அலைகள் வழக்கமான கோட்டைத் தாண்டி மேலே ஏறும். உயர் அலை எச்சரிக்கையோ, மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்போ இருந்தால் அந்த வாரம் போக வேண்டாம். வெறும் மழை, வெறும் காற்று என்றால் டென்டை மட்டும் விட்டுவிட்டுப் போகலாம், வராந்தாவிலிருந்து மழையில் கடலைப் பார்ப்பதும் அம்மாவுக்குப் பிடிக்கும். இடி கேட்டால் மட்டும் அந்த நிமிடமே மணலை விட்டு உள்ளே வந்துவிடுங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகிறவரை வெளியே வராதீர்கள்.

போனதும் மேடான இடத்துக்குப் போகிற வழி எது என்று ஊர்க்காரர்களிடம் கேட்டு, அம்மாவை எப்படிக் கூட்டிப் போவது என்றும் யோசித்து வையுங்கள். நிலம் பலமாகவோ ரொம்ப நேரமோ அதிர்ந்தால், அல்லது கடல் திடீரென்று வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், எச்சரிக்கை வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த வழியில் கிளம்ப வேண்டும். இது அபூர்வம்தான், ஆனால் கடலோரத்தில் தூங்குகிற எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது.

---

உப்புக்காற்று எழுதியது:

முன்பணம் கொடுக்கும் முன், கடல் எச்சரிக்கை வந்தால் தேதியை மாற்றித் தருவார்களா என்று கேட்டு, பதிலை மெசேஜில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். குடிதண்ணீர் அங்கே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம், ஆளுக்கு நாலு லிட்டராவது வண்டியில் இருக்கட்டும். வண்டியை மணலில் இறக்காதீர்கள், சாதாரண கார் முன் சக்கரம் புதைந்தால் ஆள் வைத்துத்தான் தூக்க வேண்டும், கெட்டியான தரையிலேயே நிறுத்துங்கள். அம்மாவுக்குப் பின்பட்டி வைத்த செருப்பு, ஒரு ஊன்றுகோல். கோலின் முனையில் டென்னிஸ் பந்தைத் துளைத்துச் செருகிவிட்டால் மணலில் புதையாது. தண்ணீர் ஓரத்து ஈர மணல் கெட்டியாக இருக்கும், இறக்கமான நேரத்தில் அவரை அங்கே நடக்கக் கூட்டிப் போங்கள். ஞாயிறு காலை இறக்கம் எத்தனை மணிக்கு என்று அட்டவணையில் பார்த்துச் சொல்லுங்கள், அதற்கேற்ற மாதிரி டிபனை முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளலாம்.

---

நீலவானம் எழுதியது:

பார்த்துவிட்டேன், ஆறு நாற்பதுக்கு இறக்கம். முதலில் நடை, அப்புறம் டிபன்.